எண்ணெய் தீர்ந்தால் எரியும் விளக்கு

காரமடையில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு கோத்தகிரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்சீட்டில் அம்மா. மடியில், கார்த்திகை தீபத்துக்கு வாங்கிய அகல் விளக்குகளைச் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். குஞ்சப்பனை தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் ஏறும்போது டேஷ்போர்டில் சிவப்பாக ஏதோ மின்னி மறைந்தது. பிரமை என்று விட்டுவிட்டேன். அடுத்த வளைவில் மறுபடியும் மின்னியது. இந்த முறை வளைவு முடிந்த பிறகும் இரண்டு நொடி நின்றது. எண்ணெய்க் குப்பியும் மூக்கில் ஒரு சொட்டும் போட்ட படம். ஓரம்கட்டி இன்ஜினை அணைத்தேன்.

"என்ன கண்ணு, நின்னுட்ட?"

"ஆயில் லைட் எரியுதும்மா. எண்ணெய் கொறஞ்சிருக்கும் போல."

அம்மா முன்னால் எட்டிப் பார்த்தார். "காமாட்சி வெளக்காட்டம் இருக்குது. ஊட்டுல எண்ணெய் தீந்தா வெளக்கு அணையும். உன்ற வண்டியில எண்ணெய் தீந்தா எரியுதா?"

அந்த நேரத்திலும் சிரித்துவிட்டேன். ஆனால் அம்மா சொன்னதுதான் இந்த விளக்கை எரியவைக்கும் ஆயில் பிரஷர் சுவிட்சின் முழு வேலையும்.

வீட்டில் ஃபேன் சுவிட்சை நாம் போட்டால்தான் இணைப்பு வரும். ஆயில் பிரஷர் சுவிட்ச் அதற்கு நேர் எதிர். சும்மா இருக்கும்போது உள்ளே இரண்டு முனைகளும் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். சாவியைத் திருப்பியதும் பேட்டரியிலிருந்து மின்சாரம் பல்பு வழியாக வந்து, ஒற்றை வயரில் சுவிட்சுக்குப் போய், சுவிட்சின் உடம்பு வழியாக இன்ஜினில் எர்த் ஆகிறது. அதனால் விளக்கு எரிகிறது. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் பம்பு தள்ளும் ஆயில், சுவிட்சுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வை அழுத்தி முனைகளைப் பிரித்துவிடுகிறது. விளக்கு அணைகிறது. அழுத்தம் போனால் முனைகள் மறுபடி ஒட்டிக்கொள்ளும், விளக்கு எரியும்.

எவ்வளவு அழுத்தத்தில் பிரியும் என்பதுதான் பலருக்குத் தெரியாத சங்கதி. பெரும்பாலான கார்களில் 0.2 முதல் 0.5 பாருக்குள் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). அடுப்பில் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே வெளிக்காற்றைவிடச் சுமார் 1 பார் கூடுதலாக இருக்கும். அதில் பாதிக்கும் கீழே போனால்தான் இந்த விளக்கு வாயைத் திறக்கும். ஓடும் இன்ஜினில் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகளுக்கு 2, 3 பார் வேண்டியிருக்கும் நேரத்தில் 0.7 பார்தான் இருந்தாலும் விளக்கு அணைந்தே இருக்கும். ஆக, விளக்கு அணைந்திருப்பதால் எல்லாம் நலம் என்று அர்த்தமில்லை. எரிந்தால் மட்டும் நிலைமை மோசம் என்று எடுத்துக்கொள்ளலாம். அது ஆயிலின் அளவையும் காட்டாது. அளவைப் பார்க்க டிப்ஸ்டிக் என்ற கோடு போட்ட குச்சி இருக்கிறது. அதை நான் இரண்டு மாதமாக உருவிப் பார்க்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சாலையோரத்தில் உருவிப் பார்த்தேன். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் காட்டியது. நிம்மதியாகக் கிளம்பியிருப்பேன், ஆனால் வண்டி நின்றது ஏற்றத்தில். மலைச்சாலையில் மூக்கைத் தூக்கி நிற்கும் வண்டியில் டிப்ஸ்டிக் சொல்வதை நம்ப முடியாது. சம்பில், அதாவது இன்ஜினின் அடித்தொட்டியில், இருக்கும் ஆயில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். கால் மணி நேரம் பொறுத்து, இன்ஜினைப் போடாமல், நியூட்ரலில் பிரேக்கைத் தொட்டபடியே பத்தடி பின்னால் உருட்டி, டீக்கடை முன்னால் இருந்த சமதளத்துக்குக் கொண்டுவந்தேன். டீக்கடைக்காரர் ஒரு கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். இப்போது பார்த்தால் கீழ்க் கோட்டுக்கும் கீழே.

வளைவில் மட்டும் ஏன் மின்னியது என்பது அப்போதுதான் விளங்கியது. சம்பின் அடியில் ஸ்ட்ரெய்னர் என்ற வலை வழியாகத்தான் பம்பு ஆயிலை உறிஞ்சும். ஆயில் குறைந்திருக்கும்போது ஏற்றமும் திருப்பமும் சேர்ந்தால் இருக்கிற கொஞ்சமும் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். பம்பு காற்றை உறிஞ்சும். அந்த இரண்டு நொடிதான் நான் பார்த்தது. சமவெளியில் ஓட்டியிருந்தால் இன்னும் ஒரு மாதம் தெரியாமலே போயிருக்கலாம்.

டிக்கியில் அரை லிட்டர் இருந்தது. ஊற்றினேன். டிப்ஸ்டிக்கில் கோடு நடுவுக்கு ஏறியது. சாவியைத் திருப்பினேன், விளக்கு எரிந்தது. ஸ்டார்ட் செய்ததும் அணைந்தது. இன்ஜினில் டக்டக் சத்தம் எதுவும் இல்லை. மெதுவாக வீடு வந்து சேர்ந்தோம். ஆயில் ஊற்றியும் அணையாமல் இருந்திருந்தால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறியிருப்பேன். எரியும் விளக்கோடு "இன்னும் நாலு வளைவுதானே" என்று ஓட்டுவது பேரிங்குகளைக் காய்ந்த வாணலியில் போட்டு வறுப்பது மாதிரி. சுவிட்ச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இன்ஜினைப் பிரித்தால் பல ஆயிரம் ஆகும். இரண்டுக்கும் ஒரே சிவப்பு விளக்குதான்.

சரி, ஆயில் எங்கே போனது? மறுநாள் காலை பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். என் வண்டியில் சுவிட்ச், ஆயில் ஃபில்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. வண்டிக்கு வண்டி இடம் மாறும், ஆனால் பெரும்பாலும் ஃபில்டரை ஒட்டியோ சிலிண்டர் ஹெட்டின் ஓரத்திலோ, ஒற்றை வயரோடு ஒரு பித்தளைக் குமிழ் தெரியும். என்னுடையதைச் சுற்றி ஆயிலும் புழுதியும் சேர்ந்து கருப்பு மண்ணாக அப்பியிருந்தது. பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிட்டு ஐந்து நிமிடம் ஓடவிட்டேன். மரை இருக்கும் அடிப்பகுதி காய்ந்தே இருந்தது. உலோக உடம்பும் கருப்புப் பிளாஸ்டிக் தலையும் சேரும் விளிம்பில்தான் பொட்டுப் பொட்டாகக் கசிந்தது. சவ்வு கிழிந்துவிட்டது. வயரின் கனெக்டரை உருவினால் அதற்குள்ளும் ஆயில்.

கசிந்தது கீழே சைலன்சர் பைப்பில் பட்டுக் கருகியிருக்கிறது. அந்த வாடை சில வாரமாகவே மூக்குக்கு வந்துகொண்டுதான் இருந்தது. மலைச்சாலையில் முன்னால் போகும் லாரியின் பிரேக் வாடை என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போயிருக்கிறேன்.

கசிவு தெரிந்துவிட்டது என்பதற்காக மின்னியதும் அதனால்தான் என்று முடிவுகட்டக் கூடாது அல்லவா? ஒவ்வொன்றாகச் சோதித்தேன். இன்ஜின் அணைந்த நிலையில் சாவி மட்டும் ஆன். விளக்கு எரிகிறது. வயரை சுவிட்சிலிருந்து உருவினேன், அணைந்தது. அதாவது வயர் வழியில் எங்கும் உடம்பில் தொடவில்லை. உருவிய வயரின் முனையை இன்ஜினின் சுத்தமான உலோகத்தில் வைத்தேன், எரிந்தது. பல்பு, ஃபியூஸ், வயர் எல்லாம் சரி. உருவியும் அணையாமல் இருந்திருந்தால் வயர் எங்கோ எர்த் ஆகிறது என்று அர்த்தம். தொட்டும் எரியாமல் இருந்திருந்தால் பல்பு போயிருக்கும், அல்லது வயர் அறுந்திருக்கும்.

அடுத்தது மல்டிமீட்டர். ஒரு முனை சுவிட்சின் ஆணியில், இன்னொன்று அதன் உலோக உடம்பில். இன்ஜின் அணைந்திருக்கும்போது 0.4 ஓம். அது சரியான ரீடிங்தான். இன்ஜினை ஓடவிட்டால் இணைப்பே இல்லாமல் போக வேண்டும். எனக்கு அப்படிப் போவதும், திடீரென்று 40, 70 என்று எண்கள் குதிப்பதுமாக இருந்தது. (இதைச் செய்யும்போது சட்டைக்கை, துண்டு எதுவும் ஃபேன் பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.) சுவிட்ச் போய்விட்டது என்று தீர்மானித்து, புதியது வாங்கக் குன்னூருக்குப் பஸ் ஏறினேன்.

அங்கேதான் சறுக்கினேன். பழையதைக் கழற்றாமல் போனைக் காட்டி, "இந்த மாதிரி" என்று கேட்டு வாங்கினேன். கடைக்காரரும் இந்த மாதிரி ஒன்றைத்தான் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, சுற்றிலும் துடைத்து, கீழே துணி விரித்து, 24 எம்எம் டீப் சாக்கெட் போட்டுப் பழையதைக் கழற்றினேன். இரண்டு மூன்று ஸ்பூன் ஆயில்தான் வந்தது. புதியதைக் கையால் திருகினேன். இரண்டரைச் சுற்று போனது, அப்புறம் இறுகியது. ஸ்பானர் போட்டால் போகும் என்று கை பரபரத்தது. நல்லவேளை, போடவில்லை.

இந்த சுவிட்சுகளின் மரையில் பரவலாக மூன்று ஜாதி உண்டு. ஜப்பானிய வழி வண்டிகளில் பெரும்பாலும் எட்டில் ஒரு அங்குலம் என்று பெயர் மட்டும் கொண்ட பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் மரை), அங்குலத்துக்கு 28 புரி. அமெரிக்க வழியில் பெரும்பாலும் அதே பெயரளவில் என்பிடி (அமெரிக்கக் குழாய் மரை), அங்குலத்துக்கு 27 புரி. ஐரோப்பிய வண்டிகளில் பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் விட்டம், புரிக்குப் புரி 1 மில்லிமீட்டர். மூன்றின் விட்டமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டு புரி வரைக்கும் ஒன்றுக்குள் ஒன்று சமாதானமாகப் போகும், மூன்றாவதில் சண்டை பிடிக்கும். பலவந்தமாகத் திருகினால் சுவிட்ச் கெடாது. இன்ஜின் பிளாக்கில் இருக்கும் மரை கெடும். அதைச் சரிசெய்வது சுவிட்ச் மாற்றுவது மாதிரி ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை.

பழையதையே திரும்பப் பூட்டி, ஆயிலை மேல் கோடு வரை நிரப்பி, வண்டியை ஊருக்குள் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் திரெட் கேஜை எடுத்துப் பல் பல்லாக வைத்துப் பார்த்து, "உங்களுது இருவத்தெட்டுங்க. வாங்கிட்டு வந்தது இருவத்தேழு" என்றார். மாற்றிக்கொடுக்கச் சொல்லலாம் என்று நான் கடையைத் திட்ட ஆரம்பித்ததும் நிறுத்தினார். "மொதல்ல பிரஷரைப் பாக்கலாம் தம்பி. சுவிட்சையும் கடைக்காரரையும் அப்பறம் வையலாம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, முனைகள் ஒட்டுகின்றன என்றால் அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. சுவிட்ச் கெட்டிருக்கலாம், அல்லது சுவிட்ச் நன்றாக இருந்து உண்மையிலேயே அழுத்தம் இல்லாமல் இருக்கலாம். மல்டிமீட்டரால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. இருபது வயதை நெருங்கும் மூன்று சிலிண்டர் வண்டிக்குப் பேரிங் தேய்ந்திருந்தால்கூட ஆச்சரியமில்லை. அண்ணனிடம் நீண்ட ஹோஸோடு ஒரு ஆயில் பிரஷர் கேஜ் இருந்தது. சுவிட்ச் இருந்த ஓட்டையிலேயே அதைப் பூட்டினார்.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் முள் 4.6 பாருக்குப் போனது. குளிரில் ஆயில் கெட்டியாக இருப்பதால் அப்படி. அதற்கு மேல் ஏறாமல் பம்பின் ரிலீஃப் வால்வு பார்த்துக்கொள்ளும். ஆனால் இந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வண்டியை நன்றாகச் சூடாக்கி, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை காத்திருந்தோம். ஐடிலில் 1.2 பார். அண்ணன் காதை வைத்தே கிட்டத்தட்ட 3,000 ஆர்பிஎம் என்று ரேஸ் கொடுத்தார் (என் வண்டியில் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது). 3.3 பார். 1,000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ (சுமார் 0.7 பார்) இருந்தால் போதும் என்பது பட்டறைகளில் பழைய கணக்கு. அந்தக் கணக்கில் 3,000க்கு 2 பாரே போதும். பம்பும் பேரிங்கும் தப்பித்தன. குற்றவாளி சுவிட்ச்தான் என்று அப்போதுதான் ஊர்ஜிதமானது.

பக்கத்தில் நின்றிருந்த ஒருவர், "மேல காத்து கம்மிங்க, அதான் பிரஷர் கம்மியா காட்டும்" என்றார். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் சமவெளியைவிடக் குறைவு என்பதெல்லாம் உண்மை. ஆனால் கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு கூடுதல் என்பதைத்தான். ஆயிலைத் தள்ளுவது பம்பு. உயரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மலையில் ஆயில் பிரஷருக்குப் பகை என்றால் அது ஏற்ற இறக்கமும், இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் உருட்டும் பழக்கமும்தான். கியரில் இறங்கினால் இன்ஜின் வேகமாகச் சுழலும், பம்பும் கூடவே சுழலும். நியூட்ரலில் சூடான இன்ஜின் ஐடிலில் கிடக்கும். பிரேக் என்ன பாடுபடும் என்பது தனி.

சரியான சுவிட்சை அண்ணனே வரவழைத்துக் கொடுத்தார். நானே பூட்டுகிறேன் என்றேன். மரையில் நான்கு சுற்று வெள்ளை டெஃப்லான் டேப் சுற்றிக்கொண்டிருந்தபோது பார்த்துவிட்டார். "குழாய்க்கா பூட்டறீங்க?" ஒற்றை வயர் சுவிட்சுக்கு மரைதான் எர்த். டேப்பைத் தடிமனாகச் சுற்றினால் எர்த் கிடைக்காமல் விளக்கே எரியாமல் போகலாம். டேப்பின் நார் ஒன்று பிய்ந்து ஆயில் வழிக்குள் போனால் இன்னும் வம்பு. முன்னால் இரண்டு புரியை விட்டுவிட்டு, மேல் புரிகளில் மட்டும் திரவ சீலன்ட் லேசாகத் தடவச் சொன்னார். புரி கூம்பாக இருப்பதால் இறுக இறுகத் தானே அடைத்துக்கொள்ளும். 12 முதல் 15 நியூட்டன் மீட்டர் போதும். பிளாஸ்டிக் தலையைப் பிடித்துத் திருகக் கூடாது, அறுகோண உலோகத்தில்தான் சாக்கெட் உட்கார வேண்டும்.

கனெக்டரை கான்டாக்ட் கிளீனர் அடித்துக் கழுவினேன். ஆயிலுக்கு அடியில் பித்தளையில் பச்சையாகக் களிம்பு. கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் பெருமழை, அதோடு மூடுபனி வேறு. களிம்பு ஏறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எர்த் கிடைக்காது, விளக்கு எரியாது. ஆயில் முழுக்கத் தீர்ந்தாலும் எரியாது. எரிகிற விளக்கைவிட எனக்கு இதுதான் பயம். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இன்ஜினைப் போடுவதற்கு முன் சாவியை மட்டும் திருப்பி, ஆயில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் அந்த வயரை யாரோ உருவி விட்டிருக்கலாம். ஏன் உருவினார்கள் என்று நீங்களே ஊகிக்கலாம்.

இரண்டு வாரம் பிரச்சினை இல்லை. அப்புறம் ஒரு நாள் மார்க்கெட் ரோட்டில் வேகத்தடை ஏறி இறங்கும்போது அதே சிவப்பு. மின்னி, மறைந்தது. வயிற்றைப் பிசைந்தது. அணைத்துவிட்டு டிப்ஸ்டிக் பார்த்தேன், மேல் கோட்டில் இருந்தது. சுவிட்சைச் சுற்றி ஈரமே இல்லை. கேஜில் அழுத்தத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மிச்சம் இருப்பது வயர்.

அன்று இரவு வீட்டு முன்னால் நிறுத்தி, சுவிட்சிலிருந்து வயரை உருவி, முனையில் டேப் சுற்றி எதிலும் படாமல் தொங்கவிட்டேன். இன்ஜின் அணைந்த நிலையில் சாவியை ஆன் செய்தேன். இப்போது விளக்கு எரியவே கூடாது. மகனை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, டேஷ்போர்டைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னேன். நான் வயரைச் சுவிட்சிலிருந்து மேலே ஒரு சாண் ஒரு சாணாக அசைத்துக்கொண்டே போனேன்.

"இல்லப்பா... இல்ல... எரியுது! அணைஞ்சிருச்சு. மறுபடி எரியுதுப்பா!"

ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டின் விளிம்பில் வயர் உரசி, மேல்தோல் அரிசி அளவுக்குப் பெயர்ந்திருந்தது. உள்ளே செம்பு பளபளத்தது. குலுங்கும்போது பிராக்கெட்டில் தொடும், விளக்கு எரியும். ஏன் அங்கே போனது என்று பார்த்தால், வயரைப் பிடித்துவைக்கும் கிளிப் திறந்து கிடந்தது. சாக்கெட் போட இடைஞ்சலாக இருக்கிறதென்று நான்தான் அதைத் திறந்தேன். மூட மறந்ததும் நான்தான். முதல் பழுதைச் சரிசெய்யும்போது இரண்டாவதை நானே உண்டாக்கியிருக்கிறேன். இதை அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.

வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றினால் இன்ஜின் சூட்டில் பசை இளகிக் கழன்றுவிடும். பழுதான இடத்தை வெட்டி, சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுச் சுருக்கினேன். மேலே நெளிவான பிளாஸ்டிக் குழாய் ஒன்றை மாட்டி, கிளிப்பை மூடினேன். மூடியதை இரண்டு முறை இழுத்தும் பார்த்தேன்.

ஆயிலையும் மாற்றிவிட்டேன். பழைய வண்டி என்று போன முறை 20டபிள்யூ-50 என்ற கெட்டி ரகத்தை ஊற்றியிருந்தார்கள். பத்து டிகிரிக்குக் கீழே போகும் காலைகளில் ஸ்டார்ட் செய்த பிறகும் விளக்கு மூன்று நான்கு நொடி எரிந்துகொண்டிருந்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். கெட்டி ஆயிலை ஸ்ட்ரெய்னர் வழியாக இழுக்கப் பம்புக்கு நேரமாகிறது. கையேட்டில் சொன்ன 10டபிள்யூ-30 ஊற்றியதிலிருந்து ஒரு நொடிக்குள் அணைகிறது. சூடான ஐடிலில் மறுபடி கேஜ் வைத்துப் பார்த்தோம், 1 பாருக்குச் சற்று மேல். பழையதைவிடக் கொஞ்சம் குறைவுதான். கவலைப்படும் அளவுக்கு இல்லை. இறக்கிய பழைய ஆயிலைக் கேனில் பிடித்துப் பட்டறையிலேயே கொடுத்தேன். எங்கள் வீட்டுக்குக் கீழே ஓடும் ஓடைதான் கீழ்க்காட்டுக்காரர்களுக்குக் குடிதண்ணீர்.

இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை டிப்ஸ்டிக். எங்கள் வீட்டு வாசலே சரிவு என்பதால் தேயிலைக் கொள்முதல் கொட்டகை முன்னால் இருக்கும் சமதளத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன். ஆயில் மாற்றும்போதெல்லாம் கனெக்டரை உருவிக் களிம்பு இருக்கிறதா என்று ஒரு பார்வை. வண்டிக்கு அடியில் இரவில் ஒரு அட்டைப்பெட்டித் துண்டு போட்டுவைக்கிறேன், சொட்டு விழுந்தால் காலையில் தெரிந்துவிடும். டிக்கியில் அரை லிட்டருக்குப் பதிலாக ஒரு லிட்டர்.

அம்மா பின்சீட்டில் உட்கார்ந்தால் இப்போதெல்லாம் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே கேள்வி வந்துவிடுகிறது.

"வெளக்கு எரிஞ்சுதா?"

சாவியைத் திருப்புகிறேன். "எரியுதும்மா."

இன்ஜினைப் போடுகிறேன்.

"அணைஞ்சுதா?"

"அணைஞ்சுது."

"அப்பப் போலாம்."